நேற்றைக் காக்கும் நாடா

1920களில் ஜெர்மனியில் சிகரெட் செய்தவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. உயர்ரக சிகரெட்டுகளின் வாய்ப்பகுதியில் தங்கப் பட்டை சுற்றியிருப்பார்கள். தங்கம் கட்டுப்படியாகாமல் வெண்கலப் பொடியைப் பூசினால், அது புகைப்பவரின் உதட்டில் ஒட்டிக்கொண்டு வந்தது. உதட்டில் ஒட்டாதபடி வெண்கலத்தைக் காகிதத்தில் நிறுத்தும் வழியைக் கண்டவர் டிரெஸ்டன் நகரத்துப் பொறியாளர் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர். வெண்கலப் பொடி காகிதத்தில் நிற்குமென்றால் இரும்புப் பொடியும் நிற்குமே என்று அவருக்குத் தோன்றியது. இன்று வங்கிகளும் ஆய்வுக்கூடங்களும் தேடுபொறி நிறுவனங்களும் தங்கள் தரவை இறுதியாக ஒப்படைக்கிற காந்த நாடாவின் தொடக்கம் இதுதான்.

காந்தத்தில் ஒலியைப் பதியலாம் என்பது அப்போது புதிய செய்தி இல்லை. டென்மார்க்கின் வால்டெமர் பௌல்சன் 1898-லேயே எஃகுக் கம்பியில் குரலைப் பதிந்து காட்டியிருந்தார். ஆனால் கம்பி கனத்தது, சிக்கிக்கொண்டது. காகித நாடா லேசானது, அறுந்தால் ஒட்டிக்கொள்ளலாம். ஃப்ளாய்மர் 1928-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து ஏஇஜி நிறுவனம் உரிமையைப் பெற்றது. நாடாவைச் செய்யும் பொறுப்பு லுட்விக்ஸ்ஹாஃபன் நகரத்து பிஏஎஸ்எஃப் ரசாயன ஆலைக்குப் போயிற்று. அங்கே காகிதத்தின் இடத்தை செல்லுலோஸ் அசிட்டேட் பிடித்தது. 1935 ஆகஸ்டில், பெர்லின் வானொலிக் கண்காட்சியில், 'மேக்னட்டோஃபோன்' என்ற பெயரில் அதை ஓட்டும் இயந்திரம் மக்கள் முன் வந்தது.

பிறகு போர். இங்கிலாந்தில் பணியிலிருந்த அமெரிக்கத் தகவல் தொடர்புப் படை அதிகாரி ஜாக் மல்லின், நள்ளிரவுக்குப் பிறகும் ஜெர்மன் வானொலியில் முழு இசைக்குழு வாசிப்பதைக் கேட்டு வியந்தார். இசைத்தட்டின் கீறலோசை துளியும் இல்லை. அந்த நேரத்தில் யார் உட்கார்ந்து வாசிக்கிறார்கள்? போர் முடிந்ததும் பாட் நவ்ஹைம் ஊரிலிருந்த ஒரு வானொலி நிலையத்தில் அவருக்கு விடை கிடைத்தது. அங்கிருந்த மேக்னட்டோஃபோன்களில் இரண்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, 50 நாடாக்களோடு சேர்த்துத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார். 1946 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவில் பொறியாளர்கள் முன் அதை ஓட்டிக் காட்டினார். நேரடி ஒலிபரப்பின் நெருக்கடியிலிருந்து தப்ப விரும்பிய பாடகர் பிங் கிராஸ்பி, 1947 முதல் தன் வானொலி நிகழ்ச்சியை நாடாவில் பதியத் தொடங்கினார். ஆம்பெக்ஸ் என்ற சிறு நிறுவனம் அமெரிக்க மேக்னட்டோஃபோனைச் செய்வதற்குப் பணமும் கொடுத்தார். அதுவரை நாடா பாட்டுக்கான பொருள்.

அது கணக்குக்கு வந்தது அட்டைகளின் சுமையால். அமெரிக்காவின் பெரிய அலுவலகங்களில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் விவரமும் துளையிட்ட அட்டையில் இருந்தது. ஓர் அட்டையில் அதிகபட்சம் 80 எழுத்துகள். மெட்ரோபாலிட்டன் லைஃப் காப்பீட்டு நிறுவனத்தில் அட்டைகள் மட்டுமே மூன்று தளங்களை அடைத்திருந்தன என்று ஐபிஎம்மின் தலைவராக இருந்த இளைய வாட்சன் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அட்டைதான் ஐபிஎம்முக்குச் சோறு போட்டது. ஆகவே நாடாவை அங்கே பலர் நம்பவில்லை. அட்டையின் துளையைக் கண்ணால் பார்க்கலாம், விரலால் தடவலாம். நாடாவில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இயந்திரம் சொன்னால்தான் உண்டு. அந்த அச்சத்தை நான் பழமைவாதம் என்று ஒதுக்கமாட்டேன். அதன் நியாயம் பல ஆண்டுகள் கழித்து, மிகக் கசப்பான முறையில் வெளிப்பட்டது.

எக்கர்ட், மௌக்லி இருவரும் கட்டிய யூனிவாக் கணினியை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் 1951 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. அதன் நாடா அரை அங்குல அகலமுள்ள உலோகப் பட்டை. பாஸ்பர் வெண்கலத்தின் மேல் நிக்கல் முலாம். உறுதியானது, ஆனால் கனமானது. அடுத்த ஆண்டே ஐபிஎம் தன் 726 இயந்திரத்தோடு பிளாஸ்டிக் நாடாவைக் கொண்டுவந்தது. அதில் பெரிய சிக்கல் நாடா எங்கே அறுந்துவிடுமோ என்பது. படிக்கும் தலையின் கீழ் நாடா நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் ஓடவும் நிற்கவும் வேண்டும். அதைச் சுமக்கும் கனத்த ரீலால் அத்தனை விரைவாக அசைய முடியாது. ஐபிஎம் பொறியாளர் ஜேம்ஸ் வைடன்ஹாமர் கண்ட வழி அழகானது. ரீலுக்கும் தலைக்கும் நடுவே காற்றை உறிஞ்சும் நீண்ட குழல் ஒன்றை வைத்தார். நாடா அதற்குள் ஒரு வளைவாகத் தளர்ந்து தொங்கும். தலை கேட்கும்போது அந்தத் தளர்ச்சியிலிருந்து நாடா வரும். ரீல் தன் போக்கில் சுழன்று குறையை நிரப்பும். பழைய திரைப்படங்களில் கணினி என்றதும் இரண்டு பெரிய சக்கரங்கள் விட்டுவிட்டுச் சுழல்வதைக் காட்டுவார்களே, அந்தத் தடுமாற்றமான சுழற்சிக்குக் காரணம் இந்தக் குழல்தான்.

நாடா ஓர் அலுவலகத்துக்குள் எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதன் பெருமை அங்கேதான் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசிதாரர்கள் எல்லோரும் எண் வரிசையில் ஒரு நாடாவில் இருப்பார்கள். அது மூல நாடா. அன்று வந்த தவணைகள், முகவரி மாற்றங்கள், இறப்புத் தகவல்கள் ஆகியவை இன்னொரு நாடாவில். இரண்டையும் இரவில் ஒரே நேரத்தில் ஓடவிடுவார்கள். கணினி மூல நாடாவிலிருந்து ஒருவரை எடுக்கும். அவருக்கு இன்று மாற்றம் உண்டா என்று மற்ற நாடாவில் பார்க்கும். இருந்தால் திருத்தி, இல்லாவிட்டால் அப்படியே, மூன்றாவது நாடாவில் எழுதும். ஒருவரின் முகவரி மட்டும் மாறியிருந்தாலும் எல்லோரையும் மறுபடி எழுதியாக வேண்டும். நாடாவின் நடுவில் கை வைத்துத் திருத்துவது நடைமுறையில் ஆகாத காரியம்.

மெதுவான வேலைதான். ஆனால் விடியும்போது நிறுவனத்திடம் நேற்றைய கணக்கு முழுதாக, தீண்டப்படாமல் இருந்தது. புதிய நாடாவில் பிழை தெரிந்தால் பழைய மூல நாடாவையும் அன்றைய மாற்ற நாடாவையும் எடுத்து மறுபடி ஓட்டிவிடலாம். இதற்காகவே மூன்று தலைமுறை நாடாக்களை வைத்திருப்பது வழக்கமானது. தாத்தா, அப்பா, மகன் என்றே கணினிக்கூடத்தில் அவற்றை அழைத்தார்கள். மகன் இயந்திரத்தில் இருப்பான், அப்பா அலமாரியில், தாத்தா வேறொரு கட்டிடத்தில். ஐபிஎம் ரீலின் பின்புறத்தில் ஒரு வட்டப் பள்ளமும் இருந்தது. அதில் பிளாஸ்டிக் வளையம் மாட்டியிருந்தால்தான் இயந்திரம் எழுதும். வளையத்தைக் கழற்றிவிட்டால் படிக்க மட்டுமே முடியும். எந்த நிரலாலும், எவ்வளவு அதிகாரம் படைத்த அதிகாரியின் கட்டளையாலும், வளையமில்லாத நாடாவில் ஓர் எழுத்தை மாற்ற முடியாது. இதைவிட நேர்மையான பாதுகாப்பு ஏற்பாட்டை நான் கணினி வரலாற்றில் கண்டதில்லை.

1956-ல் ஐபிஎம் டிஸ்கைக் கொண்டுவந்தது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள், 50 லட்சம் எழுத்துகள். வேண்டிய இடத்துக்கு நேராகப் போய்ப் படிக்கலாம், அங்கேயே திருத்தலாம். விமான டிக்கெட் கேட்டு நிற்பவரிடம் இரவு நாடா ஓடும்வரை பொறுங்கள் என்று சொல்ல முடியாதல்லவா? அமெரிக்கன் ஏர்லைன்ஸின் சேபர் முன்பதிவு முறை டிஸ்கும் தொலைபேசிக் கம்பியும் இல்லாமல் நடந்திருக்காது. நாடு முழுவதிலுமிருந்த முகவர்கள் ஒரே கணக்கைப் பார்த்தார்கள், ஒரே கணக்கைத் திருத்தினார்கள். நிறுவனங்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் திருத்திய இடத்தில் பழையது அழிந்தது. டிஸ்குக்கு இன்று மட்டுமே தெரியும். நேற்று வேண்டுமென்றால் அதை யாராவது தனியே எடுத்து வைக்க வேண்டும். நாடா முறையில் தானாகக் கிடைத்த ஒன்று, டிஸ்க் வந்த பிறகு ஒருவர் நினைவு வைத்துச் செய்ய வேண்டிய கடமையாக மாறியது. பேக்கப் என்று நாம் இன்று சொல்வது அந்தக் கடமையைத்தான். நாடாவுக்கு அதன் பிறகு அதுவே வாழ்க்கை.

கடமையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாசாவை விடப் பெரிய சாட்சி இல்லை. 1969 ஜூலையில் நிலவிலிருந்து வந்த தொலைக்காட்சிச் சமிக்ஞை நொடிக்கு 10 படங்கள் கொண்டது. வீட்டுத் தொலைக்காட்சிகளுக்கு அது பொருந்தாது. தரைநிலையங்களில் அதை ஒரு திரையில் ஓடவிட்டு, அந்தத் திரையை இன்னொரு கேமராவால் படம்பிடித்துத்தான் உலகத்துக்கு அனுப்பினார்கள். உலகம் பார்த்தது மங்கிய நகல். தெளிவான மூலம் தரைநிலையங்களின் ஓரங்குல அகலத் தரவு நாடாக்களில் இருந்தது. பின்னாளில் அதைத் தேடிப் போனபோது கிடைக்கவில்லை. 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் நாடாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். அப்போலோ 11 மூலமும் அவற்றோடு போயிருக்க வேண்டும் என்று 2009-ல் நாசாவின் தேடல் குழு முடிவு செய்தது. மனித குலத்தின் முதல் நிலவு நடை! யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தாலும் உள்ளே இருப்பது தெரியாத பொருள் அது, பழுப்பு நிறப் பட்டை மட்டுமே. ஐபிஎம்மில் அட்டைக்காகப் பேசியவர்களின் அச்சம் இங்கேதான் மெய்யானது.

இன்னொரு நிலவுக் கதையின் முடிவு வேறு. அப்போலோவுக்கு முன், 1966-லும் 67-லும், தரையிறங்க இடம் தேடி லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் ஐந்து நிலவைப் படமெடுத்தன. அந்தச் சமிக்ஞைகள் சுமார் 1,500 நாடாக்களில் பதிவாயின. அவற்றை எறிந்துவிடலாம் என்ற நிலை வந்தபோது மறுத்தவர் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றிய நான்சி எவான்ஸ். அந்த நாடாவைப் படிக்கக்கூடியது ஆம்பெக்ஸின் எஃப்ஆர்-900 என்ற இயந்திரம் மட்டும். ஆளுயரத்துக்கு நிற்கும் அந்த இரும்புப் பெட்டிகளில் சிலவற்றைத் தேடிப் பெற்று, ஆண்டுக்கணக்கில் தன் வீட்டு கார் கொட்டகையில் வைத்துக் காத்தார். 2008-ல் டென்னிஸ் விங்கோ, கீத் கவிங் ஆகியோரின் குழு அவற்றை நாசாவின் ஏம்ஸ் மையத்தில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் உணவகத்துக்குள் கொண்டுபோய்ப் பழுதுபார்த்தது. அந்த ஆண்டு நவம்பரில், 1966 ஆகஸ்ட் 23 அன்று எடுத்த, நிலவின் விளிம்பில் பூமி எழும் படம், அந்தக் காலத்தில் யாரும் கண்டிராத தெளிவில் வெளிவந்தது. நாடா மட்டும் இருந்திருந்தால் அது குப்பை. படிக்கும் இயந்திரமும், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கையும் உயிரோடு இருந்ததால்தான் அது பொக்கிஷம்.

1980களில் நாடாவின் தோற்றம் மாறியது. 1984-ல் ஐபிஎம்மின் 3480 வந்தபோது பெரிய ரீல் போய், உள்ளங்கையில் அடங்கும் சதுரப் பெட்டி வந்தது. கொள்ளளவு 200 மெகாபைட். 1987-ல் ஸ்டோரேஜ்டெக் நிறுவனம் அறை அளவுள்ள ஒரு கூண்டைக் கட்டி, பெட்டிகளை எடுத்து மாட்ட இயந்திரக் கையை வைத்தது. ரீல் மாற்றிய ஆட்கள் போனார்கள். பெட்டிகளை வெளியூர்க் கிடங்குக்கு ஏற்றிச் செல்லும் வண்டி மட்டும் தொடர்ந்து ஓடியது. அந்த வண்டியிலும் ஆபத்து ஏறிக்கொண்டது. 2005-ல் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் நாடாக்கள் வழியில் தொலைந்தபோது 12 லட்சம் அரசு ஊழியர்களின் கணக்கு விவரங்களும் தொலைந்தன. சிட்டிகுரூப்புக்கும் அதே ஆண்டு அதே கதி, 39 லட்சம் வாடிக்கையாளர்களோடு. அதன் பிறகு, எழுதும்போதே இயந்திரம் தரவைக் குறியாக்கம் செய்யும் வழக்கம் பரவியது. பெட்டி தொலைந்தாலும் திறவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாது. திறவுச்சொல்லைத் தொலைத்தால் உரியவரும் படிக்க முடியாது.

இதற்குள் நெட்வொர்க் எல்லாவற்றையும் இணைத்துவிட்டது. டிஸ்கும் மலிவானது. ஒரே தரவை மூன்று ஊர்களின் டேட்டா சென்டர்களில் ஒரே நொடியில் வைத்திருக்க முடிந்தபோது, நாடா எதற்கு என்று கேட்டார்கள். 2011 பிப்ரவரி இறுதியில் கூகுள் அதற்கு விடை சொல்ல நேர்ந்தது. ஜிமெயிலின் சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது நுழைந்த ஒரு பிழை, பயனாளர்களில் 0.02 சதவீதம் பேரின் கடிதங்கள் அனைத்தையும் மறைத்துவிட்டது. நகல்கள் பல இடங்களில் இருந்தன. பிழை எல்லா நகலுக்கும் போய்ச் சேர்ந்தது. நகல் எடுப்பதில் ஒழுங்காக இருந்த அமைப்பு, அழிப்பதிலும் அதே ஒழுங்கோடு நடந்துகொண்டது. கடிதங்கள் திரும்பியது நாடாவிலிருந்து. நாடா எந்த சர்வரோடும் இணைந்திருக்கவில்லை. ஆகவே பிழைக்கு அங்கே போக வழியில்லை.

2017 ஜூன் 27 அன்று மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் கற்றுக்கொண்டதும் இதையே, நாடா இல்லாமல், பல மடங்கு விலைக்கு. உக்ரைனைக் குறிவைத்து ஏவப்பட்ட நாட்பெட்யா என்ற நச்சு மென்பொருள் அதன் நெட்வொர்க்குக்குள் புகுந்தது. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்ற பட்டியலை வைத்திருந்த சர்வர்கள் ஏறத்தாழ 150. ஒன்று கெட்டால் மற்றது தரும் என்று அவை ஒன்றையொன்று நகலெடுத்துக்கொண்டிருந்தன. எல்லாம் ஒன்றாக அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் ஒன்று மட்டும் பிழைத்தது. தாக்குதலுக்குச் சற்று முன் அங்கே மின்சாரம் போயிருந்தது! அதன் டிஸ்கை எடுத்துக்கொண்டு கிளம்ப கானா ஊழியரிடம் பிரிட்டன் விசா இல்லை. நைஜீரியா விமான நிலையத்தில் இன்னொரு ஊழியரிடம் ஒப்படைக்க, அவர் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார். பத்து நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மறுபடி நிறுவினார்கள். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் வரை. உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனம் ஒன்று மின்வெட்டால் காப்பாற்றப்பட்டது என்பதை எந்த நிர்வாகியும் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடாது. வளையம் கழற்றிய ரீல் அறுபது ஆண்டுகளுக்கு முன் திட்டமிட்டுச் செய்த வேலையை, அன்று கானாவில் விதி செய்தது.

இன்றைய நாடா எல்டிஓ என்ற பொதுத் தரத்தில் வருகிறது. ஐபிஎம், எச்பி, சீகேட் மூன்றும் சேர்ந்து வகுத்த தரம். 2000-ல் 100 ஜிகாபைட்டோடு தொடங்கியது. 2021-ல் வந்த ஒன்பதாம் தலைமுறைப் பெட்டிக்குள் 1,035 மீட்டர் நாடா, கொள்ளளவு 18 டெராபைட். அரை அங்குல அகலம் யூனிவாக் காலத்தில் இருந்தபடியே இருக்கிறது. அந்த அகலத்துக்குள் 8,960 தடங்கள். ஒரு முறை ஓடும்போது 32 தடங்களை எழுதி, முன்னும் பின்னுமாக 280 முறை ஓடினால் ஒரு பெட்டி நிறையும்; அதற்கு முழு வேகத்தில் பன்னிரண்டரை மணி நேரம். நிறைந்த பெட்டி அலமாரியில் இருக்கும்போது மின்சாரமே கேட்பதில்லை.

இத்தனை பேருக்கு வேண்டிய இந்த நாடாவைச் செய்பவர்கள் உலகில் இப்போது இரண்டே பேர்: ஃபியூஜிஃபிலிம், சோனி. 2011 மார்ச்சில் சுனாமி சோனியின் டகாஜோ ஆலைக்குள் புகுந்தபோது தொலைக்காட்சி நிலையங்கள் நாடா இல்லாமல் தவித்தன. பின்னர் இருவரும் காப்புரிமைக்காக வழக்காடியபோது எட்டாம் தலைமுறைப் பெட்டிகள் சந்தையில் கிடைக்கவில்லை. 2019-ல் சமரசம் ஆன பிறகே நிலைமை சீரானது. எனக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. பெட்டி 30 ஆண்டுகள் தாங்கும் என்கிறார்கள். இயந்திரம் அதுவரை தாங்காது. தொடக்கத்தில் ஒரு தலைமுறை இயந்திரம் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படித்தது. எட்டாம் தலைமுறையில் அது ஒன்றாகக் குறைந்தது. 2025-ல் 30 டெராபைட்டோடு வந்த பத்தாம் தலைமுறை இயந்திரம் முந்தைய எதையும் படிக்காது. ஏட்டைச் செல்லரிக்கும் முன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியவர்களின் வேலையைத்தான் டேட்டா சென்டர்களும் செய்தாக வேண்டியிருக்கிறது. ஜெனிவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் இதை ஒழுங்காகச் செய்கிறது. துகள் மோதுவிப்பான் 2013 முதல் 2015 வரை ஓய்வில் இருந்தபோது, நாடாக் களஞ்சியத்தைப் புதிய அடர்த்தியில் மறுபடி எழுதினார்கள்.

அப்படி எழுதி வைத்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஹாம்பர்க் நகரத்து டெய்சி ஆய்வுக்கூடத்தின் ஜேட் சோதனையைச் சொல்வேன். எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவதை அது 1979 முதல் 1986 வரை பதிவு செய்தது. சோதனை முடிந்து, கருவி பிரிக்கப்பட்டு, குழு கலைந்தது. 1990களில் சீக்ஃபிரீட் பெத்கேவும் தோழர்களும் அந்தத் தரவைத் தேடி எடுத்தார்கள். நாடாவில் இருந்ததைப் புதிய ஊடகத்துக்கு மாற்றினார்கள். கதிர்க்கற்றையின் செறிவைப் பற்றிய கணக்கு கோப்பாகக் கிடைக்கவில்லை. காகிதத்தில் அச்சிட்டிருந்ததைப் பார்த்துக் கையால் மறுபடி தட்டெழுதினார்கள். பழைய மொழியில் எழுதிய நிரல்களைப் புதிய கணினியில் ஓடவைத்தார்கள். அந்த ஆற்றல் அளவில் மோதல்களைத் தரும் இயந்திரம் பின்னர் யாரிடமும் இல்லை. தரவோ கையில் இருந்தது. 1980களில் இல்லாத கோட்பாட்டுக் கணக்குகளைக் கொண்டு அதை ஆராய்ந்தபோது, அணுக்கருவைப் பிணைக்கும் வன்விசை ஆற்றல் கூடக்கூடத் தளர்வதை அளந்து காட்ட முடிந்தது. அந்தத் தளர்ச்சியைக் கோட்பாட்டில் முன்பே கண்டுசொன்ன மூவருக்கு 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஜேட் நாடாக்களிலிருந்து ஆய்வுக் கட்டுரைகள் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன.